சோபாவில் யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள்

சர்வீஸ் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1991இல் ஒரகடத்துப் பக்கம் ஒரு சிறிய ஸ்பீக்கர் கம்பெனியில் நான் புரொபேஷனில் இருந்தேன். ஒரே வாடிக்கையாளரிடமிருந்து மூன்றாவது புகார் வந்தது. "இந்தத் தடவையும் சரியாகலன்னா உன்னை கன்ஃபர்ம் பண்ண முடியாதும்மா" என்றார் சூப்பர்வைசர். நான் கைக்குழந்தைக்காரி என்பதால் அதைச் சிரித்த முகத்தோடு சொன்னார்.

வாடிக்கையாளர் பென்னலூரில் பஸ் கான்ட்ராக்டர். புது வீட்டில் பாட்டு கேட்கவென்றே ஓர் அறை கட்டியிருந்தார். தகரத்தைத் தட்டுவதுபோல் சத்தம் வருகிறது என்பது புகார். முதல் தடவை கீச்சு ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரை மாற்றினேன். அடுத்த தடவை ஒலியைப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரை. இரண்டு முறையும் அவருடைய சோபாவுக்குப் பக்கத்தில் போட்ட, முதுகில்லாத பிரம்பு மோடாவில் உட்கார்ந்து கேட்டேன். சத்தம் சுத்தமாக இருந்தது. என் காதில்தான் கோளாறோ என்று டாக்டரிடம் போனேன். காது நன்றாக இருக்கிறது என்றார். அவரையும் நான் முழுதாக நம்பவில்லை.

மூன்றாம் தடவை பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போனேன். பாட்டு ஓடும்போது கான்ட்ராக்டர் போன் பேச எழுந்து போனார். மோர் கொண்டுவந்த அவர் மனைவி என்னைப் பார்த்தார்.

"கொழந்தைய வெச்சிகினு மோடாவுல குந்திகினு கீறியே. சோபாவுல சாஞ்சிக்கோம்மா."

அது தலைக்கு மேல் முதுகு உயர்ந்த ரெக்ஸின் சோபா. வாங்கி வந்தபோது போட்டிருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட கழற்றவில்லை. அழுக்காகிவிடுமாம். சாய்ந்தேன். தகரச் சத்தம். தலையை முன்னால் இழுத்தேன். சுத்தம். மறுபடி சாய்ந்தேன். தகரம். காதுக்குப் பின்னாலிருந்த பிளாஸ்டிக் சத்தத்தைத் திருப்பி அடித்துக்கொண்டிருந்தது. நானோ ஒரு குறையும் இல்லாத பெட்டியை இரண்டு தடவை பிரித்துப் போட்டிருந்தேன்.

திரும்பி வந்தவர் தன் சோபாவில் என்னைப் பார்த்து நின்றுவிட்டார். பதறி எழுந்து, அவரை ஒரு நிமிடம் மோடாவில் உட்காரச் சொன்னேன்.

"நான் மோடாவுல குந்தணுமா?"

"ஒரே ஒரு பாட்டு, சார்."

பாதிப் பாட்டில் அவர் கால் தாளம் போட ஆரம்பித்தது.

"இப்ப இன்னா மாத்துன?"

"உங்க எடத்த, சார்."

கவரைக் கழற்ற மட்டும் சம்மதிக்கவில்லை. குழந்தையின் தடித்த துண்டை சோபா முதுகில் விரித்து உட்காரவைத்தேன். தகரம் அடங்கியது. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். துண்டைத் திருப்பித் தரவில்லை.

அடுத்த மாதம் கன்ஃபர்ம் ஆனேன்.

ஆகவே, ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் அவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு அந்த அம்மா சொன்னது அதிர்ஷ்டம்; உங்களை யாரும் உட்காரச் சொல்லமாட்டார்கள். உட்காரலாமா என்று நீங்களேதான் கேட்க வேண்டும். எனக்கு இன்னும் தயக்கம்தான். கேட்டுவிடுகிறேன்.