பிள்ளைக்காக வாங்கிய பசு

சிதம்பரத்தில் பால் விற்கும் உபைதுல்லாவிடம் கைக்குழந்தைக்கென்று கேட்டுப் போனால் பால் கிடைக்காது. "எத்தன மாசம்?" என்பார். ஒரு வயது ஆகவில்லை என்றால் தூக்குவாளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கதையை ஆரம்பிப்பார். அதில் முட்டாள் வேஷம் அவருக்குத்தான்.

குவைத்தில் லாரி ஓட்டியவர். டின் பால் மாவைக் கலக்கிக் குடித்தே நாக்கு செத்துப் போயிருந்தது. ஊர் திரும்பிய பிறகு, 2008இல் மகள் முபீனா பிறந்தாள். தன் பிள்ளைக்கு டின் வாடையே ஆகாது என்று சபதம் போட்டார். குழந்தை சாயங்காலமானால் வீறிட்டு அழுதது. எல்லாக் குழந்தையும் அழுகிற அழுகைதான். அவர் காதில் மட்டும் அது பசியாக விழுந்தது.

"எம்பாலே போதுங்க. எடை கூடிக்கிட்டுத்தான இருக்கா," என்றாள் மனைவி சர்புன்னிசா.

"ஒனக்கென்ன தெரியும்? நான் ஒலகம் சுத்துனவன்."

சுற்றியதெல்லாம் ஒரே பாலைவன ரோடு.

சர்புன்னிசாவின் தம்பி ரஃபியுதீன் குடிகாடு கிராமத்திலிருந்து ஒரு பசுவைக் கன்றோடு மினிவேனில் ஏற்றி வந்தான். இறங்கியதும் பசு முதல் காரியமாக உபைதுல்லாவின் காலை மிதித்தது. கறக்க மடியில் கை வைத்தால் அவரை உதைத்தது. கறக்க ஆள் வைக்க வேண்டியதாயிற்று. அப்படியும் பாலைக் காய்ச்சி ஆறவைத்துப் பாலாடைச் சங்கில் அவரே ஊட்டினார்.

முதலில் குழந்தைக்கு வயிறு உப்பியது. பிறகு வாந்தி. ஒரு காலையில் துணியில் மலத்தோடு ரத்தம் இழையோடியிருந்தது. சர்புன்னிசா அலறிவிட்டாள்.

கண்ணேறு என்றார் உபைதுல்லா. மனைவி தின்ற மாங்காய் என்றார். பசுவுக்குப் போட்ட புண்ணாக்கு என்றார். பாலின்மேல் மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"என்ன குடுக்குறீங்க?" என்று கேட்டார் டாக்டர் அமராவதி.

"சொந்த மாட்டுப் பாலு டாக்டர். ஒரு சொட்டு தண்ணி கலக்கல."

"கலந்தாலும் தப்புதான். பச்சப் புள்ளையோட கொடலுக்கு மாட்டுப் பால்ல உள்ள புரதம் ஒத்துக்காது. கொடல் புண்ணாயி ரத்தம் கசியும். உப்புச் சத்தும் ஜாஸ்தி, சிறுநீரகத்துக்குப் பாரம். ஒரு வயசு வரைக்கும் குடிக்கக் குடுக்காதீங்க. அம்மாகிட்ட பால் இருக்கா?"

"நெறைய இருக்கு டாக்டர்," என்றாள் சர்புன்னிசா, புருஷனைப் பார்த்துக்கொண்டே.

"அப்ப மாட்ட என்ன பண்றது?" உபைதுல்லாவின் வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது.

"அத மாட்டு டாக்டர்கிட்ட கேளுங்க."

அந்த வாரம் முழுக்கத் தாய்ப்பால் மட்டும்தான். ஒவ்வொரு துணியையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார் உபைதுல்லா. ரத்தம் குறைந்து, பிறகு நின்றே போனது. குழந்தை வழக்கம்போல் சாயங்காலம் அழுதபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது.

பசு மிச்சமானது. ரஃபியுதீன் திருப்பி எடுக்க மறுத்தான். "ஒலகம் சுத்துன மச்சான் கேட்ட மாடாச்சே!" என்றான். பால் வீணாகிறதே என்று அக்கம்பக்கம் ஊற்ற ஆரம்பித்து, உதை வாங்கியே கறக்கப் படித்து, 2012இல் ஐந்து மாட்டுக்கு எஜமானாகிவிட்டார். லாரி ஓட்டப் போனவர் சாணி அள்ளுகிறார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

போன மாதம் ஒரு புதுத் தகப்பன், நான்கு மாதக் குழந்தைக்காம், பால் கேட்டு வந்தான். முழுக் கதையும் சொல்லி, டாக்டரிடம் போகச் சொல்லி அனுப்பினார். அவன் முணுமுணுத்துக்கொண்டே போனான்.

"கேக்கவே மாட்டேங்கிறான் பாரு," என்றார் உபைதுல்லா.

"அன்னிக்கு ஒங்களுக்கு ஒருத்தரும் சொல்லலியா?" என்றாள் சர்புன்னிசா.

"நீதான் சொன்ன."

"கேட்டீங்களா?"

உபைதுல்லா வைக்கோல் பிடுங்கப் போய்விட்டார்.