சுவரில் தொங்கிய அப்பா

மனசைப் போட்டு ஆட்டும் கொலைக் கதை என்று இன்றைக்கும் பிள்ளைகள் கைபேசியில் பார்த்துப் பாராட்டிக்கொண்டிருக்கும் ஒரு பழைய படத்தில் நான் இருக்கிறேன். முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரைக்கும் இருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட அசைய மாட்டேன், கண்ணைச் சிமிட்ட மாட்டேன். அதில் நான் ஒரு போட்டோ. சந்தன மாலை போட்டு, கீழே சின்னதாகச் சிவப்பு பல்பு எரிய, சுவரில் தொங்கும் செத்துப்போன அப்பா.

அப்பாவுக்கு விஷம் வைத்துக் கொன்ற மகன்தான் கதாநாயகன். அதன்பிறகு ஒவ்வொரு கொலைக்கும் முன்னால் அந்தப் போட்டோவுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இன்னைக்கு யாருப்பா?" என்று கேட்பான். கேமரா மெல்ல என் முகத்துக்குக் கிட்டே வரும். தியேட்டரில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்காது. அந்தக் கண்ணில் என்ன இருக்கிறது, பயமா, மன்னிப்பா, சம்மதமா என்று படித்தவர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் கண்ணுக்குச் சொந்தக்காரனை மட்டும் யாரும் கேட்டதில்லை.

நான் அந்தப் படத்தில் நடித்தேன். முப்பது வருஷத்துக்கு மேலாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது. அம்பாசமுத்திரத்தில் ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து அந்தப் படத்தை எடுத்தார்கள். அப்போது நான் அங்கே ஒரு ஆபீசில் கிளார்க். கோயில் கொடைத் திருவிழாக்களில் நாடகம் போடுவேன். என்னைப் பார்த்த டைரக்டர், வயதுக்கு மீறி நரைத்திருந்த என் தலையைக் காட்டி, இவர்தான் அப்பா என்றார். விஷம் வைக்கும் காட்சியை ஒரு பகல் முழுக்க எடுத்தார்கள். இலையில் சோறு, மேலே தேங்காய்ப்பால் விட்ட சொதிக் குழம்பு. மகன் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டாவது வாயில் எனக்குப் புரிந்துவிடுகிறது. ஆனாலும் நான் எழுந்திருக்கவில்லை. பெற்ற பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று மூன்றாவது வாயையும் பிசைந்து சாப்பிடுகிறேன். வசனமே கிடையாது. "இன்னொண்ணு போலாம் சார்" என்று டைரக்டர் திரும்பத் திரும்பக் கேட்டார். பதினோரு தடவை சாப்பிட்டேன். கடைசித் தடவை கண்ணீர் தானாக வந்தது. நாடகத்தில் எனக்கு அப்படி வந்ததே இல்லை. சாயங்காலம் வாய்க்கால் கரையில் போய் எல்லாவற்றையும் வாந்தி எடுத்துவிட்டு, நான் பெரிய நடிகன்தான் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

படம் வந்தது. என் மனைவி தன் அக்கா, தங்கச்சி எல்லாரையும் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்தாள். அந்தச் சாப்பாட்டுக் காட்சி வரவில்லை. படம் தொடங்கியதும் மாலை போட்ட என் போட்டோதான் வந்தது. அந்த மனுஷி பாதிப் படத்தில் எழுந்து வெளியே போய்விட்டாள். தாலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள் என்று அவளுடைய தங்கச்சி பிற்பாடு சொன்னாள். வீட்டுக்கு வந்ததும், "சீவன் இருக்கும்போதே மாலைக்குக் கழுத்தைக் கொடுத்துட்டு வந்திருக்கிய" என்றாள். ஒரு வாரம் அவ்வளவுதான் பேச்சு.

நீளம் கருதி என் காட்சியை வெட்டிவிட்டார்கள் என்று நானாகவே முடிவு கட்டினேன். கேட்டவர்களிடமெல்லாம் அதையே சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மனைவிதான் முதல் ஆள். வீட்டுக்கு யார் வந்து படத்தைப் பற்றிப் பேசினாலும், "ஆமா, நடிச்சாவ. சுவர்ல தொங்கி நடிச்சாவ" என்பாள். அடுத்த படத்திலும் கூப்பிடுவார்கள் என்று சம்பளமில்லாத விடுப்புப் போட்டு மெட்ராசில் எட்டு மாசம் அலைந்தேன். கூப்பிடவில்லை. திரும்பி வந்தபோது ஆபீசில் என்னைக் கூடங்குளம் பக்கம் தூக்கியடித்தார்கள். வேகாத வெயிலில் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டு அங்கே மூன்று வருஷம் கிடந்தேன். அங்கேயும் டீக்கடையில் அடையாளம் கண்டுகொண்டார்கள். "அண்ணாச்சி, நீரு அந்தச் செத்த அப்பாதானவே?"

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் படித்துறையில் என் அப்பாவுக்கு எள்ளும் தண்ணியும் இறைத்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற ஒருவன் தன் கூட்டாளியிடம், "ஏலே, செத்தவரே வந்து திதி கொடுக்காரு பாருலே" என்றான். சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். ஐயரும் சிரித்தார். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் படச்சுருள் கையில் கிடைத்திருந்தால் ஆற்றில் வீசியிருப்பேன்.

போன வருஷம் அந்தப் படத்தைத் துடைத்துச் சுத்தம் பண்ணித் திரும்பவும் வெளியிட்டார்கள். திருநெல்வேலியில் சினிமாப் பைத்தியங்கள் சிலர் சேர்ந்து, காலையில் படம், மத்தியானம் பாராட்டு விழா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்பாடு பண்ணியிருந்தார்கள். டைரக்டரும் வருகிறார் என்று பேப்பரில் போட்டிருந்தது. வெட்டிப்போட்ட காட்சிகளையெல்லாம் தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் போட்டிருந்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது அந்த ஆளைப் பார்த்து, என் காட்சி எங்கே என்று கேட்டுவிட வேண்டும். அது கிடைத்தால் மனைவியை முன்னால் உட்காரவைத்து ஒரு தடவை காட்ட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு. "நீயும் வா" என்றேன். "உங்க போட்டோவ நான் பார்க்கணுமாக்கும்" என்று சொல்லிக்கொண்டே பட்டுச்சேலையை எடுத்துக் கட்டினாள்.

மண்டப வாசலில் ஒரு மேசை. வெள்ளைத் துணி விரித்து, படத்தில் வேலை பார்த்து இறந்துபோனவர்களுடைய போட்டோக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ரோஜா மாலை போட்டு, முன்னால் அகல் ஏற்றியிருந்தார்கள். பாட்டு எழுதியவர், கேமராக்காரர், அம்மா வேஷம் கட்டிய அம்மாள். நாலாவது நான். அவர்களுக்குக் கிடைத்த என் போட்டோவே மாலை போட்ட போட்டோதான். மாலை போட்டிருக்கிறதே, ஆள் போய்விட்டார் போல என்று அந்தப் புத்திசாலிகள் முடிவு பண்ணி, சந்தன மாலைக்கு மேல் ரோஜா மாலையும் போட்டுவிட்டார்கள்.

நான் அப்படியே நின்றுவிட்டேன். மனைவி நிற்கவில்லை. நேரே போய் மாலையைக் கழற்றித் தரையில் போட்டாள். அதிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி அகலை அமர்த்தினாள். ஓடிவந்த இரண்டு பேரைப் பார்த்து, "குத்துக்கல்லாட்டம் எம் புருசன் இங்கன நிக்காவ. உயிரோட இருக்க மனுசனுக்கு விளக்கேத்தி வச்சிருக்கியளே, ஒரு வார்த்தை விசாரிக்கத் தெரியாதா ஒங்களுக்கு?" என்று போட்ட சத்தத்தில் கூட்டமே திரும்பியது. அவர்கள் என் காலில் விழப் போனார்கள். "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, மேடையில உக்காருங்க" என்றார்கள். "எனக்கு மேடை வேண்டாம், டைரக்டரைப் பார்க்கணும்" என்றேன்.

மேடைக்குப் பின்னால் சின்ன அறை. டைரக்டர் தட்டில் வாழைக்காய் பஜ்ஜியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வயதாகி, உடம்பு சுருங்கிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "இந்த முகத்தை மறக்க முடியுமா சார்? என் படமே இந்த முகந்தானே" என்றார். மனைவி வெளியே நின்றுகொண்டிருந்தாள். உள்ளே கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அந்தச் சாப்பாட்டுக் காட்சி இப்போ கிடைச்சிருக்கா சார்?" என்று கேட்டேன்.

"எந்தச் சாப்பாட்டுக் காட்சி?"

சொன்னேன். இலை, சொதி, மூன்றாவது வாய், பதினோரு தடவை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகத்தில் ஞாபகம் வந்தது. சிரித்தார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, அதுதான் கொடுமை.

"அதுவா? அதுல பிலிமே போடலையே சார். இருந்த பிலிம் படத்துக்கே பத்தலை. கேமராவைச் சும்மா ஓடவிட்டோம். எனக்கு வேண்டியது அந்தப் போட்டோ ஒண்ணுதான். போட்டோ எடுக்கறோம்னு சொன்னா அந்த முகம் வருமா? கடைசித் தடவை கண் கலங்கினீங்க பாருங்க, பக்கத்துலயே உக்காந்திருந்த போட்டோக்காரர் அப்பத்தான் அமுக்கினார்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "யாரும் உங்ககிட்ட சொல்லலையா?" என்றார்.

இல்லை, யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. தட்டைப் பிடுங்கி அவர் மேலேயே வீசலாமா என்று இருந்தது. வீசவில்லை. பஜ்ஜி ஆறிப்போகும், சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது.

படம் பார்க்கவில்லை. பஸ் ஏறிவிட்டோம். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பேட்டை தாண்டியதும், "என்ன சொன்னாரு?" என்று கேட்டாள்.

"நீளம் கூடிப்போச்சாம். மனசில்லாமத்தான் வெட்டினாராம். அந்தத் துண்டு இப்போ கிடைக்கலையாம்" என்றேன்.

வழக்கமாக வரும் நையாண்டிக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. சேரன்மகாதேவியில் பஸ் நின்று கிளம்பியபோது பார்த்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நீங்க நடிச்சது நெசந்தான்" என்றாள். "நாந்தான் இத்தன வருசமா நம்பாம வாய்க்கு வந்ததப் பேசிட்டுக் கெடந்திருக்கேன்." என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கல்யாணமான இத்தனை காலத்தில் நாலு பேர் பார்க்க அவள் அப்படிச் செய்ததில்லை. "அவரு வெட்டினா வெட்டிட்டுப் போறாரு. என்ன நடிச்சிய, எங்கிட்ட சொல்லுங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

கையை உருவிக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை. முதல் வாயிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.