மகளுடைய கழா நோன்பு

கடல் என் கூடப்பிறந்த ராத்தாவின் மகளைக் கொண்டுபோன காலையில் அந்தப் பிள்ளைக்கு அஞ்சாறு நோன்பு மிச்சமிருந்தது. அந்த வருட றமழானில் மாதவிலக்கால் விடுபட்டவை. ஹஜ் பெருநாளுக்கு முன்னால் பிடித்துவிடுவேன் என்று தன் உம்மாவிடம் சொல்லியிருந்தாள். பெருநாள் வந்தது, அவள் இல்லை.

விட்ட நோன்பைத் திருப்பிப் பிடிப்பதைக் கழா என்போம். கழா வைத்துவிட்டு மவுத்தானவர்களுக்காக நெருங்கிய சொந்தம் அந்த நோன்பைப் பிடிக்கலாம், இல்லையென்றால் ஏழைகளுக்கு அரிசி கொடுக்கலாம். மௌலவி இரண்டையும்தான் சொன்னார். சொல்லும்போது ராத்தாவின் வீங்கிய கால்களைப் பார்த்து, அரிசியின் பக்கம் கொஞ்சம் சாய்ந்து சொன்னார்.

"அரிசியையா நான் பெத்தன்?" என்றாள் ராத்தா. "புள்ளைட நோன்ப நான்தான் புடிப்பன்."

வருத்தத்தால் விட்ட தன்னுடைய நோன்புகளுக்கு அவள் முன்பே அரிசிக்குச் சம்மதித்திருந்தாள். மகளுடையதற்குச் சம்மதிக்கவில்லை. அவளுக்குச் சீனி வருத்தம் அலைக்கு முன்பிருந்தே இருந்தது. வீடிழந்து தகரக் கொட்டிலில் இருந்த காலத்தில் பிறசர் வந்தது. நெஞ்சு எப்போது நோகத் தொடங்கியது என்று அவளுக்கே தெரியாது. நெஞ்சு நோவதற்கு அந்த நாட்களில் எங்கள் கரையில் எல்லோருக்கும் காரணம் இருந்ததே.

சீனிக்கு ஒரு கிளினிக். பிறசருக்கு வேறொரு கிழமை, வேறொரு வரிசை. இருதயத்துக்கு வேறோர் ஊர். அங்கே போகிற வழியில் சோதனைக்கு ஆமிக்காரர் பஸ்ஸை நிறுத்துவார்கள். இறங்கி, வெயிலில் நடந்து, பையைத் திறந்து குளிசை மாத்திரைகளைக் கொட்டிக் காட்டி, மறுபடி ஏற வேண்டும். ஹஜ் பெருநாளுக்கு அறுத்த குர்பான் இறைச்சியைக் கூறு போட்டுத் தெருத் தெருவாகப் பங்குவைப்பதுபோல ஒரு பொம்பளையின் உடம்பைப் பங்குவைத்திருந்தார்கள். தன் பங்கை வாங்கியவர் அடுத்தவரின் பங்கைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நோன்பு பிடிக்கிறதென்றால் காலை, பகல், இரவு என்று போடும் குளிசைகளை எப்படிப் போடுவது? இதுதான் கேள்வி. இவ்வளவுதான் கேள்வி. சீனி டொக்டர் தலையை நிமிர்த்தாமல், அதை இருதய டொக்டரிடம் கேட்கச் சொன்னார். இருதய டொக்டர், சீனிக் கிளினிக்கில் கேட்கச் சொன்னார். பிறசர் வரிசையில் கேள்வி வாயை விட்டு வெளியே வருமுன் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அந்த வரிசையில் ராத்தாவுக்கு ஒரு சிநேகிதி கிடைத்திருந்தாள். பாண்டிருப்புக்காரி. புருசனையும் தோணியையும் ஒரே அலைக்குக் கொடுத்தவள். வருத்தங்களும் அதே மூன்று.

"நான் கந்தசட்டிக்கு இளநியோட கிடந்து பாத்தன் அக்கா," என்றாள் அவள். "தலை சுத்தி விழுந்துட்டன். முருகன் ஒண்டும் சொல்லல்ல. டொக்டர்தான் ஏசினார்."

"ஏசினாரா? குடுத்து வெச்சனீங்க புள்ள," என்றாள் ராத்தா. "எனக்கு ஏசவும் ஆளில்ல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். மருந்து கொடுக்கும் கூண்டுக்காரர் சத்தம் போட வேண்டாம் என்றார்.

எங்கள் தெருவில் ஒரு நெல் முதலாளி இருந்தார். நல்ல மனிசன். அவருக்கும் சீனி, பிறசர், இருதயம். அவர் கொழும்புக்குப் போய்வருவார். அங்கே ஒரே டொக்டர் மூன்றையும் பார்ப்பார், உட்காரவைத்துப் பேசுவார். றமழான் முப்பதையும் முதலாளி பிடித்தார். தறாவீஹ் தொழுகையில் முன் வரிசையில் முகம் பளபளக்க நிற்பார். அவருடைய மனைவியிடம் ராத்தா ஒருநாள் விசாரித்திருக்கிறாள். "எங்கட மனிசன் பகல் குளிசையையும் ஸஹரோடதான் போடுற," என்று அந்தப் பெண் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறாள். யாரும் சொல்லாத ஒன்றை ஒருத்தி சொல்லிவிட்டாள். ராத்தாவுக்கு அது போதும்.

மறுநாள் விடியுமுன் ஸஹருக்குச் சோறும் பாலும் வாழைப்பழமும் பிசைந்து சாப்பிட்டு, மகளின் பேரில் நிய்யத்து வைத்து, காலைக் குளிசைகளையும் பகல் குளிசைகளையும் ஒன்றாக விழுங்கியிருக்கிறாள். மூன்று கிளினிக்கும் ஒரே வயிற்றில் முதன்முதலாகச் சந்தித்தன.

பின்னேரம் அஸர் தொழுகைக்கு எழும்பியவள் பாயிலேயே சரிந்தாள். நான் ஓடிப்போனபோது உடம்பு வேர்வையில் குளிர்ந்திருந்தது. பக்கத்து வீட்டாட்கள் சீனித்தண்ணி கரைத்து வந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதி நினைவில்லாத நிலையிலும் அந்த நோன்பை வாய்க்குள் பூட்டி வைத்திருந்தாள். நான்தான் தாடையை அழுத்தித் திறந்தேன்.

ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். சின்ன வயதுச் சிங்கள டொக்டர், கண் சிவந்திருந்தது. இவ்வளவு வருத்தத்தோடு யார் நோன்பு பிடிக்கச் சொன்னது என்று அவர் கேட்டதை நர்ஸ் மிஸ் தமிழில் சொன்னா. எப்படிப் பிடிப்பதென்று இத்தனை நாளாகக் கேட்டுத் திரிகிறோம் என்றேன். மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னா. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும்தான் என்றார் டொக்டர். பிறகு கட்டிலிலும் நிலத்திலும் கிடந்த சனத்தைக் கையால் காட்டினார். அவரோடு கோபிக்க முடியவில்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் வெளியே வந்து, வேலியோரம் கிடந்த ஒரு கல்லை உதைத்தேன். நகம் பெயர்ந்தது.

முதலாளி பிஸ்கட் பெட்டியோடு பார்க்க வந்தார். மனிசனுக்கு உண்மையிலேயே கவலை.

"என்ர குளிசை வேற ராத்தா. நோன்புக்கெண்டே டொக்டர் மாத்தித் தந்தது. ஒங்கட குளிசை வேற."

"வருத்தம் ஒண்டுதானே முதலாளி," என்றாள் ராத்தா.

அவர் பிஸ்கட் பெட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு நாட்டில் சண்டை முடிந்தது. சந்தியில் வெடி கொளுத்தினார்கள். இப்போது பஸ்ஸை விட்டு இறங்காமல் இருதய ஊருக்குப் போய்வருகிறோம். போவது சுகம். போய்க் கேட்டால் பதில் பழையதுதான்: மற்ற கிளினிக்கில் கேளுங்கள். இதற்கிடையில் சிறுநீரகமும் களைத்துவிட்டதென்று நாலாவது கிளினிக் ஒன்று தந்தார்கள். பாண்டிருப்புக்காரியை வரிசையில் கண்டு கனநாள். விசாரிக்க ராத்தாவுக்குப் பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டாள். "தம்பி, அவள்ர நோன்ப நீ புடி. மாமன்தானே நீ. மௌலவிட்ட கேட்டுட்டன், கூடுமாம்."

பிடித்தேன். வருத்தமில்லாத உடம்பு எனக்கு. ஒன்றுமே தெரியவில்லை, வேலைக்குப் போனேன், வந்தேன், பகல் கழிந்தது. பொழுதுபட்டு நோன்பு திறக்கும் மஃரிபுக்கு ராத்தா எனக்கு முன்னால் பேரீச்சம்பழத்தை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். பாங்கு கேட்டது. நான் மெல்லுவதை விழுங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பசிச்சதாடா?"

"இல்ல ராத்தா. பசி தெரியவே இல்ல."

அவளுடைய முகம் விழுந்தது.

"எனக்கெண்டா பசிச்சிருக்கும்," என்றாள். பிறகு தன் இரவுக் குளிசைகளை உள்ளங்கையில் எடுத்து, தண்ணீர் கேட்டாள்.