புள்ளிமானைத் தொடாத மதியம்

தொண்ணூறுகளின் கடைசியில், பிளஸ் டூ பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காக நான் காத்திருந்த கோடை அது. எங்கள் ஊர் எழுமலைப் பக்கம். மாட்டு டாக்டராக வேண்டும் என்பது என் ஆசை. அப்பாவோ டீச்சர் டிரெய்னிங்கில் என்னைத் தள்ளிவிடுவதிலேயே குறியாக இருந்தார். "பொம்பளப் பிள்ளைக்கு மாட்டு வாலப் பிடிக்கிற வேலை எதுக்கு?" என்பார்.

ஒரு நாள் காலை, தண்ணீர் தேடி மலையிறங்கிய புள்ளிமான் ஒன்று, நாய்கள் கடித்துத் தொடை கிழிந்து, எங்கள் தோட்டத்தில் வந்து விழுந்தது. ஊரே கூடிவிட்டது. பாசத்துக்கா பஞ்சம்! ஒருவர் சோடா வாங்கி வந்தார். இன்னொருவர் திருநீறு பூசினார். நான் அதன் தலையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டு ஆட்டுக்குட்டிகளுக்கு அப்படித்தான் செய்வோம். மான் அசையவே இல்லை. என் கைப்பக்குவத்தில் சொக்கிவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு.

மதுரைக்குக் கோயில் யானையைப் பரிசோதிக்க வந்திருந்த ஒரு டாக்டரம்மாவை, ஃபாரஸ்ட் வாட்ச்சர் ஜீப்பில் அழைத்து வந்தார். காட்டு விலங்குகளுக்கு வைத்தியம் பார்க்கப் முதன்முதலில் கிளம்பிய பெண்களில் அவரும் ஒருவராம். பேண்ட் சட்டையும் புழுதி படிந்த ஷூவுமாக இறங்கியவரை வாய் பிளந்து பார்த்தேன்.

"கையை எடும்மா. பயத்துல உறைஞ்சு போய்க் கிடக்கு அது. புலி வாயில மாட்டிக்கிட்டதா நினைக்குது. இப்படியே தடவினா பயத்துலயே செத்துரும்" என்றார்.

அதன் தலையை மெல்லத் தரையில் வைத்துவிட்டு விலகினேன். அவர் கூட்டத்தை விரட்டினார். அப்பாவின் துண்டை வாங்கி மானின் கண்ணைக் கட்டினார். மயக்க ஊசி போட்டு, தொடையைத் தைத்து, வேப்பமர நிழலில் கிடத்தினார்.

"இம்புட்டுத் தண்ணியாச்சும் வாயில ஊத்தட்டுமாம்மா?" என்று கேட்டார் அப்பா.

"வேண்டாம்ணே. தெளிஞ்சா அதுவே போய்க் குடிச்சுக்கும்."

அப்பா விடவில்லை. "இவ டாக்டருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாம்மா" என்று கோள் சொன்னார்.

டாக்டரம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்படின்னா தள்ளி உக்காரு. மூச்சை மட்டும் பாரு. பேசாதே, தொடாதே."

அதைவிடக் கஷ்டமான வேலையை நான் அதுவரை செய்ததில்லை. மானின் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு தடவை மூச்சு திணறியது. நான் பதறி எழுந்தேன். டாக்டரம்மா பார்வையாலேயே என்னை உட்கார வைத்தார்.

சாயங்காலம் மூச்சு சீரானது. துண்டை அவிழ்த்ததும் மான் தடுமாறி எழுந்து, நொண்டிக்கொண்டே மலைப்பக்கம் ஓடியது. எனக்கு அழுகை முட்டியது. இவ்வளவு பாடுபட்டும் ஒரு தடவைகூட அது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லையே!

டாக்டரம்மா சிரித்தார். "அது அப்படி ஓடினாத்தான் நாம சரியா வேலை பார்த்திருக்கோம்னு அர்த்தம்."

வீட்டுக்கு நடக்கும்போது அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ வாயத் தொறக்காம இம்புட்டு நேரம் உக்காந்து நான் பாத்ததே இல்ல. சரி, அந்தப் படிப்பு எங்கன இருக்குன்னு நாளைக்கு விசாரிச்சுட்டு வாரேன்" என்றார்.

டாக்டரம்மாவை அப்புறம் நான் பார்க்கவே இல்லை. நானும் கால்நடை மருத்துவராகிப் பல வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் அடிபட்ட காட்டு உயிர் ஒன்றைக் கண்டால் தடவிக்கொடுக்கக் கை பரபரக்கும். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்காரும்போதுதான், நான் டாக்டர் என்ற நினைப்பே எனக்கு வருகிறது.