மணம் பிடித்து நடந்த தெரு

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இறங்கினால் நான் பெயர்ப்பலகை பார்த்ததில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு நேரமெடுக்கும்; அதற்குள் போய்ச் சேர்ந்துவிடுவேன். இந்த மதிலுக்குள் கறித்தூள் வறுக்கிறார்கள், அந்த மதிலுக்குள் பனங்கிழங்கு மாவில் ஒடியல் புட்டு அவிகிறது என்று மூக்கே வழி சொல்லும். பக்கத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கும் அப்படித்தான் நடந்தேன், நிழல் பார்த்து, ஆறுதலாக.

கொழும்பு வேறு. என் கணவரை அங்கே ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது தங்கையின் மகள் வீட்டில் தங்கினேன். கறியில் தேங்காய்ப்பால்தான் மிதக்கும், உறைப்பில்லை. நடைபாதை என்று ஒன்று உண்டு. அதில் மோட்டார் சைக்கிள் நிற்கும். அவருக்கோ என் கைச்சமையல் இல்லாவிட்டால் சோறு இறங்காது. நாளாந்தம் மத்தியானம் சோறும், வறுத்த தூள் போட்ட கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு நடந்தேன்.

"பெரியம்மா, ஓட்டோ பிடிச்சுத் தாறன்."

"ஏன், எனக்குக் கால் இல்லையோ?"

பாண் மணக்கிற பேக்கரி வந்தால் நேரே போக வேண்டும். அடுத்தது இறைச்சிக்கடை. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தில் திரும்புவேன்.

முழுநிலாப் பறுவத்தன்று அந்த நாற்றம் வரவேயில்லை. புத்த சமயத்தாரின் போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு என்று சைவக்காரி எனக்கு எப்படித் தெரியும்? நடந்துகொண்டே போனேன். கேட்டால் எழுத்தறியாத கிழவி என்பார்கள், கேட்கவில்லை. கடல் தெரிந்த பிறகுதான் திரும்பி வந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அவர் ஆஸ்பத்திரிச் சோற்றையும் பருப்பையும் பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டுச் சோற்றைக்கூடத் தொடாத மனிதர்.

"என்ன, ஊர் சுத்திப் பாத்திட்டு வாறீரோ?" பகிடிதான்.

"றோட்டிலை சனம். உந்தச் சோத்தை வையுங்கோ, குழம்பு கொண்டந்தனான்."

"வேண்டாமப்பா. நாளைக்கும் கொண்டு வராதையும். உம்மை வாகனம் அடிச்சுப்போட்டுதோ எண்டு வாசலைப் பாத்துக்கொண்டு கிடக்க என்னாலை ஏலாது. உந்தப் பருப்புக்கு உப்பில்லைத்தான். விழுங்கலாம்."

அடுத்த நாள் ஓட்டோவில் கொண்டுபோனேன். ஓட்டோவும் வாகனம்தானே என்று மூடியைத் திறக்கவும் விடவில்லை. பிறகு வெறுங்கையோடு போய், அவர் அந்தப் பருப்பைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதம் முடியமுன் போய்விட்டார்.

ஊரில் எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, செத்தவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். அவருடைய தங்கை அடுப்படியில் நின்று கேட்டாள்:

"மச்சாள், அண்ணை கடைசியா என்னத்தை விரும்பிச் சாப்பிட்டவர்?"

உப்பில்லாத பருப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"என்ரை கத்தரிக்காய்க் குழம்பு" என்றேன்.