செம்பட்டி பஸ்ஸில் ஒரு மாட்டுக்கதை

திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி போகும் பஸ்ஸில், என்ஜின் பெட்டியை ஒட்டிய இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள் ஆங்கிலத்தில் கத்திப் பேசிக்கொண்டு வருகிறார்கள்.

"பின்னால எடம் காலியா இருக்கே, இந்த இரைச்சல்ல எதுக்கும்மா உக்காந்திருக்கீங்க?" என்கிறேன்.

"கிளாஸ்ல இங்கிலீஷ் பேசுனா சிரிக்கிறாய்ங்கண்ணே. இங்கன தப்பாப் பேசுனாலும் யாருக்கும் கேக்காதுல்ல" என்கிறாள் ஜன்னலோரம் இருப்பவள். உடனே தோழியிடம் திரும்பி, வெங்காயக் காட்டுக்குள் தங்கள் மாடு புகுந்த கதையை ஆங்கிலத்தில் தொடர்கிறாள்.

செம்பட்டியில் டிரைவர் என்ஜினை நிறுத்துகிறார். அவள் குரல் மட்டும் பஸ் முழுக்கக் கேட்கிறது. எல்லாத் தலைகளும் திரும்புகின்றன. வாயைப் பொத்திக்கொள்கிறாள்.

பிறகு கையை எடுக்கிறாள். மாட்டை விரட்டிய மிச்சக் கதையையும் அதே சத்தத்தில், ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்துவிட்டுத்தான் இறங்குகிறாள்.