சூடேறுவதற்கு முன்னால்

சரிதா கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஆசைக்காக அல்ல. கணவர் ஆனந்தகுமாரின் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்ட பிறகு, வாரத்தில் மூன்று நாள் அவரை நாமக்கல்லுக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. போகும்போது பஸ்ஸில் போய்விடலாம். திரும்பும்போதுதான் பாடு. பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். ஒருமுறை பஸ் படியில் கால் வைத்தவர் அப்படியே சரிந்து கண்டக்டர் மேல் விழுந்தார். அன்று வீட்டுக்கு வந்ததும் சரிதா கொட்டகையில் நின்ற பழைய காரைப் பார்த்தாள். லாரி பாடிக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை வைத்து நன்றாக இருந்த காலத்தில் ஆனந்தகுமார் யாரிடமோ வாங்கியது. வாங்கும்போதே பழசு.

அவள் பிறந்தது சேலம் அம்மாபேட்டையில். புதுச்சத்திரம் பக்கத்தில் வாழ்க்கைப்பட்டு வந்து, நாமக்கல்லின் பெரிய ஹாஸ்டல் பள்ளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பதே பிழைப்பாக இருந்தது. பள்ளி திறக்கும் சமயத்தில் வீட்டில் படுக்க இடமிருக்காது, சட்டையும் பாவாடையுமாகக் குவிந்து கிடக்கும். தையல் மெஷினை ஆணி ஆணியாகக் கழற்றி மாட்டுவாள். ஆனால் கார் என்றால் பயம். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, கோழிப்பண்ணைகளுக்குப் போகும் மண்ரோட்டில் ஓட்டி ஓட்டிப் பழகினாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆனந்தகுமார் ஒரு நாளும் சத்தம் போட்டதில்லை. பயம் வந்தால் கதவின் கைப்பிடியை மட்டும் இறுக்கிக்கொள்வார்.

கார்த்திகை கழிந்து பனி இறங்கியதும் வண்டிக்கு என்னவோ ஆகிவிட்டது. காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும், கிளம்பியதும் குலுங்கும். ஸ்டியரிங், சீட்டு, கண்ணாடி எல்லாம் சேர்ந்து நடுங்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் சரியாகும், காலை எடுத்தால் மறுபடியும் நடுக்கம். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் எதுவுமே நடக்காதது போலச் சீராக ஓடும்.

இரண்டு பட்டறைகளில் காட்டினாள். ஒருவர் பிளக்கை மாற்றினார். இன்னொருவர் காற்று போகும் பாதையைக் கழற்றிச் சுத்தம் பண்ணினார். இரண்டு இடத்திலும் வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டியபோது அது பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

"நல்லாத்தானுங்க ஓடுது," என்றார் இரண்டாமவர். "நீங்க புதுசா ஓட்டறீங்க பாருங்க, கிளட்ச்சச் சட்டுனு உடறீங்களோ என்னமோ."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் கிளட்ச்சை மெதுவாக விட்டு விட்டுப் பார்த்தாள். ஆனந்தகுமார்தான் சொன்னார்: "நிக்கற வண்டி குலுங்குறதுக்கு கிளட்ச்சு என்ன பண்ணும் சரிதா? உன்மேல தப்பு இல்ல."

மார்கழியில் ஒரு விடிகாலை, ஊர் ரோட்டிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறும் வளைவில் வேகத்தைக் குறைத்ததும் என்ஜின் அணைந்துவிட்டது. சாவியைத் திருப்பினாள், திருப்பினாள், பிடிக்கவில்லை. பின்னால் முட்டை ஏற்றிய லாரி ஒன்று பெரிய விளக்குகளோடு வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்துச் சரிதா கண்ணாடியை இறக்காமலே இருந்தாள். அவர் உள்ளே எட்டி ஆனந்தகுமாரின் முகத்தைப் பார்த்தார். ஆனந்தகுமார் மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையையும் பார்த்தார்.

"பிரேக்க உடுங்கம்மா, தள்ளறேன்," என்று ஒற்றை ஆளாக ஓரம் கட்டினார். "இப்ப ஆக்சிலேட்டர லேசா மிதிச்சுக்கிட்டே சாவியப் போடுங்க. டவுனு போற வரைக்கும் நான் பின்னாலயே வாரேன்."

சொன்னபடியே வந்தார். நாமக்கல்லில் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போனார். பேர் கூடத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் அவர்கள் முறை தாண்டிப் போயிருந்தது. ஆனால் நர்ஸ் ஜெர்லின் மெஷினை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தாள். "நீங்க வராம இருக்க மாட்டீங்கன்னு தெரியும்க்கா. அதான் அடுத்தவங்களக் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னேன்," என்றாள். சரிதாவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஜெர்லின் என்ன ஏதென்று கேட்டுவிட்டு, "பக்கத்து பெட்டு சித்ராக்காவோட தம்பி மெக்கானிக்தானே? வெளியதான் இருப்பாரு, கேட்டுப் பாருங்க," என்றாள்.

சித்ரா கோழிப்பண்ணையில் வேலை பார்த்தவள். அவளைத் தன் பைக்கின் பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வருவான் தம்பி கலையரசன். வராந்தாவில் இருந்தான். சரிதா சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"ராத்திரி பூரா நின்ன வண்டிக்கு மட்டும்தான் இப்படியா? நடுவுல கொஞ்ச நேரம் நிறுத்தி எடுத்தா?"

"அப்ப நல்லாத்தான் இருக்குதுங்க."

"குளிர் சாஸ்தியானா குலுங்கறதும் சாஸ்தியாகுதா?"

அவள் யோசித்தாள். "ஆமாங்க. மழை பெஞ்சு புழுக்கமா இருந்துச்சில்ல, அன்னைக்கு அவ்வளவா இல்ல."

"அப்புறம் சூடான வண்டியப் பாத்து என்னுங்க பிரயோசனம்? நாளைக்குக் காலைல ஊட்டுக்கே வாரேன். நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணிராதீங்க."

மறுநாள் டயாலிசிஸ் இல்லாத நாள். கலையரசன் மப்ளர் சுற்றிக்கொண்டு வந்தான். முதலில் பானட்டில் உள்ளங்கையை வைத்து, ஜில்லென்று இருக்கிறதா என்று பார்த்தான். "இப்பப் போடுங்கக்கா."

என்ஜின் கிளம்பி வழக்கம்போல் குலுங்கியது. அவன் உடனே எதிலும் கை வைக்கவில்லை. ஆனந்தகுமார் போர்வையோடு வாசலுக்கு வந்து நின்றார்.

நான்கு சிலிண்டருக்கும் பெட்ரோல் விடும் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான் கலையரசன். எதைக் கழற்றினாலும் குலுக்கல் ஒரே அளவுக்குத்தான் கூடியது. "ஒரு சிலிண்டர் மட்டும் படுத்திருந்தா, அதோட ஒயரக் கழட்டுனா வித்தியாசமே தெரியாது. இது அப்படி இல்ல. எங்கியோ காத்து இழுக்குது. தண்ணி பீச்சறாப்புல ஏதாச்சும் இருக்குதுங்களா?"

இஸ்திரி போடும்போது துணியில் தண்ணீர் தெளிக்கும் பாட்டிலை ஓடிப்போய் எடுத்து வந்தாள் சரிதா. அவன் ரப்பர் குழாய்களின் மேல் இணைப்பு இணைப்பாகப் பீச்சிக்கொண்டே போனான். என்ஜினுக்குப் பின்புறம், கண்ணுக்கு எளிதில் படாத ஓர் இடத்தில் தண்ணீர் பட்டதும், என்ஜின் ஒரு மடக்கு விழுங்கியது போல் தடுமாறி, இரண்டு மூச்சு நேரம் சீராக ஓடியது. பிறகு பழையபடி குலுங்கியது. மறுபடி பீச்சினான். மறுபடி சீரானது.

"இதுதானுங்க!" என்றார் ஆனந்தகுமார் வாசலிலிருந்து. எத்தனையோ மாதங்களாக அவர் குரலில் இல்லாத சத்தம் அது.

குழாயைக் கழற்றி வளைத்துக் காட்டினான் கலையரசன். கருவாடு போல விறைத்திருந்தது. அடிப்பக்கத்தில் மெல்லிய வெடிப்பு. குளிரில் ரப்பர் சுருங்கி வெடிப்பு வாயைத் திறக்கும், அதன் வழியாக வேண்டாத காற்று உள்ளே போகும். சூடு ஏறினால் ரப்பர் உப்பி அதுவே மூடிக்கொள்ளும். அதனால்தான் எந்தப் பட்டறையிலும் அகப்படவில்லை. "அவங்களையும் குத்தம் சொல்ல முடியாதுங்க. சீக்க அவங்க பாக்கவே இல்லையே," என்றான்.

பைக்கில் போய் அதே அளவில் புதுக் குழாய் ஒன்றை வாங்கி வந்து மாட்டி இறுக்கினான். "சரியாயிருச்சான்னு இப்பத் தெரியாது. ஆறணும். நாளைக்குக் காலைலதான் தெரியும்."

கூலி என்று அவள் பேச்செடுத்ததும் கையை ஆட்டிவிட்டான். "எனக்கு ஒன்னு மட்டும் பண்ணுங்க. எங்கக்காவ வர்றப்ப நான் கூட்டியாந்துருவேன். திரும்பி வர்றப்ப பைக்குல பயமா இருக்குது, அக்காவுக்குக் கண்ணு சொருகிக்குது. நீங்க போற வழிதான். எறக்கி உட்டீங்கன்னா போதும்."

"இதைக் கேக்கோணுமா தம்பி?"

அடுத்த நாள் நல்ல பனி. சாவியைத் திருப்பும்போது சரிதா கண்ணை மூடிக்கொண்டாள். சத்தம் கேட்டது, குலுக்கல் வரவில்லை. காலை முழுக்க எடுத்துப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. ஆனந்தகுமார் கதவில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "போலாம்," என்றார். நெடுஞ்சாலை வளைவில் அவள் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாக ஏறினாள். எதிரே முட்டை லாரி எது வந்தாலும் அந்த மனிதராக இருக்குமோ என்று பார்த்தாள். இன்றைக்கும் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து திரும்பும்போது பின் சீட்டில் சித்ரா. பிறகு ஒருநாள் சித்ரா, ஊசி குத்தும் கையில் ஜாக்கெட்டை ஏற்றிச் சுருட்டுவதில் கை கன்றிப்போவதையும், ஆண்கள் இருக்கும் கூடத்தில் அது கூச்சமாக இருப்பதையும் சொன்னாள். சரிதா வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அன்று மாலையே ஒரு ஜாக்கெட் வெட்டினாள். இடது கையின் வெளிப்புறம் தோளிலிருந்து நுனி வரை பிரித்து, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பித்தான்கள் வைத்தாள். பூட்டியிருக்கும்போது சாதாரண ஜாக்கெட்தான். பிரித்தால் கை மட்டும் வெளியே வரும்.

சித்ரா அதைப் போட்டுக்கொண்டு வந்த அன்று ஜெர்லின் பித்தான்களைத் திறந்தும் மூடியும் பார்த்தாள். "அக்கா, இன்னும் மூணு பேரு கேக்குறாங்க. தெச்சுத் தருவீங்களா?"

சரிதா பையிலிருந்து அளவு டேப்பை எடுத்தாள். முதலில் வந்த பெண்மணிக்கு வெள்ளரிப்பிஞ்சு மாதிரி மெலிந்த கை. அளக்கும்போது, "எனக்கு வலது கையிலம்மா, இடது இல்ல," என்றாள் அவள் தயங்கி.

"எந்தக் கைன்னாலும் தெச்சிரலாம்," என்று படுக்கையிலிருந்தபடியே சித்ரா பதில் சொன்னாள். "எங்க சரிதாதான் தெக்கிறா."